10 மீற்றர் எயார் ரைபிளுக்கு ஓடும் இலக்கு: உள்ளூர்ச் சாமானில் செய்வது எப்படி?

உப்புவெளி_கழகம்:

வணக்கம். எங்கட கழக மண்டபத்தில 10 மீற்றர் எயார் ரைபிள் பயிற்சி நடக்குது. 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு, வேகம் செக்கனுக்கு 170 மீற்றர் அளவு. நிற்கிற இலக்குக்குத் தேவையான எல்லாம் இருக்கு. இனி ஓடும் இலக்கும் பழக்க யோசிக்கிறம். ரெடிமேட் சாமானை வெளிநாட்டில இருந்து எடுப்பிக்க வசதியில்லை. திருகோணமலை ரவுனில கிடைக்கிற சாமானில செய்து முடிக்க வேணும்.

மண்டபம் 16 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம். முன்னம் வலை வைக்கிற இடமாக இருந்தது. கடைசியில புளொக் சுவர், பக்கங்களில அரைச் சுவரும் அதுக்கு மேல கம்பிவலையும்.

யோசனை இதுதான்: கை ட்ரில் ஒன்றைச் சட்டத்தில பூட்டி, தங்கூசியில (மீன்பிடி நைலோன் நூலில) அட்டையைக் கட்டி இழுக்கிறது. பின்னால பழைய ஓட்டோ ரயர்களை அடுக்கிறது. வேகத்தை எப்படிச் சரியாக வைக்கிறது? கடைசிக்குப் போனதும் தானாக நின்று திரும்பி வர என்ன செய்யலாம்? கரண்ட் போனாலும் ஓட வேணும். செய்து பழகினவை விபரமாகச் சொன்னால் பெரிய உதவி.

பழைய_குறி:

மோட்டரை விடுங்கோ, முதல்ல குண்டு போய் நிற்கிற இடத்தைப் பார்ப்பம். நிற்கிற இலக்குக்கு ஒரு சின்னப் பெட்டி போதும். ஓடுற இலக்குக்கு, அது தெரியிற அகலம் (திறப்பு) முழுக்கவும் அதுக்கு வெளியால இரண்டு பக்கமும் அரை மீற்றரும் தடுப்பு வேணும். திறப்பு 2 மீற்றர் என்றால் தடுப்பு 3 மீற்றர்.

ரயர் வேண்டவே வேண்டாம். இந்த வேகத்தில வாற ஈயக் குண்டு றப்பரைத் துளைக்காது, பட்டுத் தெறித்துத் திரும்பி வரும். சுடுகிறவரின் முகத்துக்கே வரக்கூடும். காய்ந்த வைரப் பலகையும் அப்படித்தான். உருண்டை இரும்புக் குண்டை இந்த மண்டபத்துக்குள்ளேயே எடுக்கக் கூடாது. இரும்பில பட்டால் அது பலத்த வேகத்தோட திரும்பும்.

செய்ய வேண்டியது சாய்வான இரும்புத் தகடு. 8 அடிக்கு 4 அடித் தகட்டை, மேல் விளிம்பு சுடுகிறவர் பக்கம் வாற மாதிரி 45 பாகையில சாய்த்தால் நிமிர்ந்த உயரம் 86 சென்ரிமீற்றர் மறைபடும். குண்டு பட்டு நசுங்கிக் கீழே விழும். அங்கே மணல் போட்ட தட்டு வையுங்கோ. தடிப்பு 2 மில்லிமீற்றர் போதும், 3 என்றால் கன காலம் உழைக்கும். 8 அடி என்றால் 2.44 மீற்றர்தான், 3 மீற்றருக்கு இன்னொரு துண்டு சேர்க்க வேணும். ஆனால் 3 மீற்றர் அகலத்துக்கு 3 மில்லிமீற்றர் தகடு 86 கிலோ அளவு வரும். 40 மில்லிமீற்றர் ஆங்கிள் அயனில சட்டம் அடித்து, சட்டத்தைச் சுவரோட போல்ற் போட்டு இறுக்குங்கோ. சாய்த்து மட்டும் வைத்தால் ஒரு நாள் ஆரோ ஒரு பிள்ளையின் மேல விழும்.

இலக்கின் நடு நிலத்தில இருந்து 1.4 மீற்றரில வரட்டும். தகடு 1 மீற்றரில தொடங்கி 1.86 வரை மறைக்கும். அதுக்குக் கீழேயும் திறப்பின் இரண்டு பக்கமும் 18 மில்லிமீற்றர் பிளைவூட், அதுக்கு முன்னால பழைய கம்பளம் இரண்டு மடிப்பு. கம்பளத்தைப் பலகையில ஒட்டாதேங்கோ. தளர்வாகத் தொங்கினால்தான் குண்டின் வேகத்தைத் தின்னும். தண்டவாளம், கப்பி, மோட்டர் எல்லாம் இந்தப் பலகைக்குப் பின்னால மறைஞ்சு இருக்க வேணும். சுடுகிற இடத்தில நின்று பார்த்தால் அட்டையைத் தவிர இரும்பு ஒன்றும் கண்ணில படக் கூடாது.

உங்கட மண்டபத்தில இன்னொரு விஷயம். 10 மீற்றரில 2 மீற்றர் திறப்பு என்றால் துப்பாக்கி நடுவில இருந்து இரண்டு பக்கமும் 6 பாகைக்குக் கிட்டத் திரும்பும். பழகாத பிள்ளை அட்டை மறைஞ்ச பிறகும் துப்பாக்கியைத் திருப்பிக்கொண்டே போகும். ஆகவே தகட்டுப் பக்கம் கடைசி 4 மீற்றரில இருக்கிற கம்பிவலையைப் பிளைவூட் போட்டுக் கூரை வரை மூடுங்கோ.

ஈயத் தூசியைக் காய்ந்த தும்புத்தடியால கூட்டாதேங்கோ, ஈரத் துணியால துடையுங்கோ. அந்த இடத்தில சாப்பாடு, தேத்தண்ணி வேண்டாம். முடிஞ்சதும் எல்லாரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேணும். சின்னப் பிள்ளைகளுக்கு ஈயம் பெரிய கேடு.

கப்பியும்_கயிறும்:

மேலே சொன்னதை முடித்த பிறகு இதைப் படியுங்கோ.

சர்வதேச விதியில 10 மீற்றர் ஓடும் இலக்குக்குத் திறப்பு 2 மீற்றர். மெது ஓட்டம் 5 செக்கன், வேக ஓட்டம் 2.5 செக்கன். அதாவது செக்கனுக்கு 0.4 மீற்றர், 0.8 மீற்றர். இந்தப் போட்டி 1992 முதல் 2004 வரை ஒலிம்பிக்கில இருந்தது. இப்ப அங்கே இல்லாவிட்டாலும் பழகுகிறதுக்கு இந்த இரண்டு வேகமும்தான் சரியான அளவு. சும்மா வேகமாக ஓட விட்டால் பிள்ளைகள் அதிர்ஷ்டத்துக்குச் சுடப் பழகுவினம்.

கை ட்ரில் சரிவராது. நிமிஷத்துக்குப் பல நூறு சுற்றுச் சுற்றுகிற சாமானை 40க்கு இறக்கினால் இழுவையும் இல்லை, வேகமும் நிலையில்லை. காரின் வைப்பர் மோட்டர் எடுங்கோ. பழைய வாகனம் உடைக்கிற இடங்களில கிடைக்கும். 12 வோல்ற், உள்ளேயே பல்லுச்சக்கரம் இருக்கு, மெது வேகத்தில நிமிஷத்துக்கு 45 சுற்று அளவு வரும். அதில இரண்டு வேகத்துக்கும் தனித்தனி வயர் இருக்கும். நீங்கள் மெது வேக வயரை மட்டும் பாவியுங்கோ. வேக வயரின் பிரஷ் (சுற்றுகிற பகுதிக்குக் கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு) உள்ளே கோணத்தில இருப்பதால், திசை மாற்றி ஓட்டினால் இரண்டு பக்கமும் ஒரே வேகம் வராது, பிரஷ்ஷும் கெதியாகத் தேயும்.

இழுக்கிற சக்கரத்தைப் பிளைவூட்டில வெட்டுங்கோ. நடுவில 12 மில்லிமீற்றர் பலகை, விட்டம் 39.5 சென்ரிமீற்றர். இரண்டு பக்கமும் 6 மில்லிமீற்றர் பலகை, விட்டம் 42. மூன்றையும் ஒட்டி இறுக்கினால் கயிறு ஓடுகிற பள்ளம் தானாக வரும். பள்ளத்தின் சுற்றளவு 1.24 மீற்றர். கணக்குச் சுலபம்: வேகத்தை 60ஆல் பெருக்கிச் சுற்றளவால் பிரியுங்கோ. 0.8க்கு நிமிஷத்துக்கு 39 சுற்று, 0.4க்கு 19 சுற்று. மோட்டரின் 45க்குள்ளேயே இரண்டும் அடங்குது. விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு எனாமல் பெயின்ற் அடியுங்கோ. வாடைக் காலத்தில பலகை ஈரம் குடித்து ஊதினால் சுற்றளவு மாறும், சக்கரம் கோணும்.

தங்கூசி இழுபடும். மோட்டர் தொடங்கும்போது முதல்ல நூல் நீளும், பிறகு அட்டை துள்ளிப் பாயும். சாதாரண நைலோன் கயிறு ஈரத்தில தளரும். இரும்புக் கம்பி இந்த உப்புக் காற்றில துருப்பிடிச்சு முள்ளு முள்ளாகும். 3 மில்லிமீற்றர் பொலியெஸ்ரர் பின்னல் கயிறு வாங்குங்கோ. முழு வளையமாகக் கட்டாதேங்கோ, இரண்டு நுனியையும் வண்டியிலேயே (அட்டையைத் தாங்கித் தண்டவாளத்தில ஓடுகிற சட்டம்) கட்டுங்கோ. அப்ப முடிச்சு கப்பியில ஏறாது. மற்றப் பக்கத்துக் கப்பியை நீளத் துளை போட்ட தகட்டில பூட்டினால் கயிறு தளரத் தளர இழுத்து இறுக்கலாம். சக்கரத்தில கயிறு வழுக்கினால் பள்ளத்தில பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டுங்கோ. ஒட்டின பிறகு சுற்றளவைத் திருப்பி அளக்க வேணும்.

தண்டவாளத்துக்கு, சறுக்கு யன்னலுக்குப் போடுகிற அலுமினியச் சட்டம் நல்லது. அதுக்குரிய நைலோன் சில்லும் அதே கடையில இருக்கும். நீளம் குறைஞ்சது 3.5 மீற்றர்: திறப்பு 2, இரண்டு பக்கமும் மறைவில 75 சென்ரிமீற்றர். அந்த மறைவுக்குள்ளேயே வண்டி முழு வேகத்துக்கு வந்துவிட வேணும். ஒரே துண்டாக எடுங்கோ. பொருத்து இருந்தால் அந்த இடத்தில அட்டை ஒவ்வொரு முறையும் துள்ளும், பிள்ளைகள் அந்தத் துள்ளலைப் பார்த்துச் சுடப் பழகிவிடுவினம்.

வண்டி அரைக் கிலோவுக்கு மேல போகக் கூடாது. சில்லுகள் இரண்டுக்கும் இடையில 25 சென்ரிமீற்றர் இருக்கட்டும். கயிறு சில்லின் உயரத்திலேயே கட்டுப்பட வேணும். மேலே கட்டினால் தொடக்கத்தில அட்டை பின்னால சாயும், நிற்கும்போது முன்னால குனியும். அட்டையைத் தாங்க இரண்டு மூங்கில் சிம்பு வையுங்கோ. ஒற்றைச் சிம்பில கச்சான் காற்றுக்கு அட்டை திருகும்.

உப்புவெளி_கழகம்:

நன்றி அண்ணை, இரண்டு பேரும் எழுதினதைப் பிரின்ற் எடுத்து ஒட்டப்போறன். ரயர் யோசனையை இப்பவே கைவிட்டாச்சு. திசை மாற்றுகிறதும் கடைசியில நிற்கிறதும்தான் இன்னும் விளங்கேல்லை. வைப்பர் மோட்டரில உடம்பே மைனஸ் என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார்.

கிண்ணியா_வயரிங்:

அந்த மெக்கானிக் சொல்றது சரி. நிறைய வைப்பர் மோட்டர்ல உடம்புதான் மைனஸ். திசை மாத்தும்போது உடம்பு பிளஸ் ஆகும். அதனால மோட்டரை இரும்புச் சட்டத்துல நேரா பூட்டாதீங்க. பிளைவூட் பலகையில பூட்டி, போல்ற் சட்டத்துல படாம பாருங்க. தானா வந்து நிற்கிறதுக்கு உள்ள வேற வயர் இருக்கும், அதைத் தனியா ரேப் சுத்தி விடுங்க.

வாகனத்துக்குப் போடுற 5 கால் ரிலே (உள்ள இருக்கிற சுருளுக்குக் கரண்ட் கொடுத்தா இழுத்து மாத்துற சுவிச்), 12 வோல்ற், ரெண்டு வாங்குங்க. ஒவ்வொரு ரிலேயிலயும் 30ஆம் கால் மோட்டரின் ஒவ்வொரு முனைக்கு. ரெண்டு ரிலேயின் 87ஆம் காலும் வேகக் கட்டுப்பாட்டு போர்ட்டின் (பற்றறியில இருந்து மோட்டருக்குப் போற கரண்டைக் கூட்டிக் குறைக்கிற சின்னப் பலகை) மோட்டர் பிளஸ்ஸுக்கு, ரெண்டு 87ஏ காலும் மோட்டர் மைனஸ்ஸுக்கு. முதல் ரிலே இழுத்தா வலப்பக்கம் ஓடும், ரெண்டாவது இழுத்தா இடப்பக்கம். ரெண்டும் விட்டா மோட்டரின் ரெண்டு முனையும் ஒன்னா சேர்ந்து அதுவே பிரேக் மாதிரி பிடிச்சு நிறுத்தும். தனி பிரேக் தேவையில்ல.

கடைசியில நிற்கிறதுக்கு சில்லு வச்ச சின்ன லிமிட் சுவிச் ரெண்டு. அதை மோட்டர் வயர்ல போடாதீங்க, ரிலே சுருளின் வயர்ல போடுங்க. சுருளுக்குக் கொஞ்சக் கரண்ட்தான் போகும், சுவிச் கருகாது. வலப்பக்கச் சுவிச் வலப்பக்க ரிலேயை மட்டும் வெட்டும், அதனால திரும்பி வர்றதுக்குத் தடையில்ல. தண்டவாள முனைக்கு 20 சென்ரிமீற்றர் முன்னுக்கே பூட்டுங்க. முனையில ஒரு றப்பர்த் துண்டும் வைங்க, சுவிச் ஒரு நாள் வேலை செய்யாமப் போகும்.

ரிலே சுருளுக்குக் கரண்ட் நேரா பற்றறியில இருந்து வரணும். கட்டுப்பாட்டு போர்ட்டுக்குப் பிறகு எடுத்தா ரிலே கிறுகிறுன்னு துடிக்கும், முனை கருகும். ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே ஒரு சின்ன டயோட். பற்றறி பிளஸ்ல 10 அம்பியர் பியூஸ். வேகக் குமிழைக் கழட்டிட்டு அந்த இடத்துல ரெண்டு சின்னத் திருகு ரெசிஸ்ரரும் ஒரு மாத்துச் சுவிச்சும் போட்டா மெது, வேகம் ரெண்டும் ஒரு தட்டுல மாறும். குமிழ் இருந்தா ஆளுக்கு ஆள் திருகுவாங்க.

ஓட்டுறதுக்கு மூணு நிலை சுவிச், நடுவுல ஓய்வு. தானா போய்த் தானா திரும்புற மாதிரி செய்யலாம், ஆனா வேணாம். பயிற்றுவிப்பாளர் கை வச்சாத்தான் அட்டை ஓடணும். அதோட ஒரு சாவிச் சுவிச் போட்டு, அட்டை மாத்தப் போற ஆள் சாவியைக் கையில எடுத்துக்கிட்டுப் போற பழக்கத்தைக் கொண்டு வாங்க. சாவி இல்லாட்டி சிவப்பு பல்ப் எரியணும். பல்ப் எரியிற நேரம் துப்பாக்கி எல்லாம் திறந்து மேசையில இருக்கணும்.

பற்றறியில சார்ஜர் பூட்டியிருந்தா 13.8 வோல்ற், கழட்டினா 12.5. வேகம் பத்துல ஒரு பங்கு மாறும். பயிற்சி நேரம் கழட்டி வைங்க. போர்ட்டுக்கு நிறமில்லாத நகப்பூச்சு ரெண்டு தரம், திருகு ரெசிஸ்ரர்ல படாம. முனைகளுக்கு வாஸலீன். இல்லாட்டி கடல் காத்துக்கு மூணு மாசத்துல பச்சை பிடிக்கும்.

கப்பியும்_கயிறும்:

கிண்ணியா நானா சொன்ன ரிலே முறைதான் என்னுடைய தெரிவும். வேகம் அளக்க ஃபோன் வீடியோ போதும். அட்டையின் முன் விளிம்பு திறப்பில தெரிகிற படத்தில இருந்து, அதே விளிம்பு மற்றப் பக்கத்தில முட்டுகிற படம் வரை எண்ணுங்கோ. செக்கனுக்கு 30 படம் என்றால் வேக ஓட்டத்துக்கு 75, மெது ஓட்டத்துக்கு 150. இரண்டு திசையையும் தனித்தனியாக எண்ண வேணும். திசைக்குத் திசை 3 படத்துக்கு மேல வித்தியாசம் வந்தால் மோட்டரைப் பிழை சொல்ல முதல் தண்டவாளம் மட்டமாக இருக்கா என்று பாருங்கோ. பெரும்பாலும் அதுதான்.

சாம்பல்தீவு_ஆசிரியர்:

மோட்டர் வேலை முடியும் வரை பிள்ளைகளைக் காக்க வைக்கத் தேவையில்லை. ஊசல் ஒன்று கட்டுங்கள், ஒரு பின்னேரத்தில் முடியும்.

கூரை வளையில் இருந்து அட்டையின் நடு வரை 2 மீற்றர் இருக்கட்டும். ஒற்றைக் கயிறு போதாது. இரண்டு பக்கமும் கயிறு கட்டிக் கீழே ஒரு மூங்கில் தடியில் சேருங்கள், இல்லாவிட்டால் அட்டை சுழலும். அட்டைக்குப் பின்னால், அதே உயரத்தில், துணியால் சுற்றிய 2 கிலோ மணல் பையைக் கட்டுங்கள். பாரம் இருந்தால் காற்றுக்கு அசையாது, ஆட்டமும் கன நேரம் நிற்கும். 36 சென்ரிமீற்றர் பக்கமாக இழுத்து விட்டால் நடுவைக் கடக்கும்போது வேகம் செக்கனுக்கு 0.8 மீற்றர். 18 சென்ரிமீற்றர் இழுத்தால் 0.4. பாரம் கூடினாலும் குறைந்தாலும் இந்த வேகம் மாறாது, நீளம் மாறினால்தான் மாறும். கூரை உயரம் வேறாக இருந்தால், இழுக்கும் தூரத்தை நீளத்தின் வர்க்கமூல விகிதத்தில் மாற்றுங்கள்.

ஊசலின் குறை, வேகம் ஓரிடத்தில்தான் உச்சம். 36 சென்ரிமீற்றர் இழுத்து விட்டால், நடுவில் இருந்து இரண்டு பக்கமும் 18 சென்ரிமீற்றருக்குள் வேகம் 0.7க்குக் கீழே அதிகம் போகாது. அந்த அளவுக்குத் திறப்பு விட்டு மிச்சத்தை மறையுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் தூரம் குறையும், ஆகவே முதல் மூன்று நான்கு ஆட்டத்துக்குப் பிறகு திருப்பி இழுத்து விட வேண்டும். இழுக்கும் கயிறும் விடுவிக்கும் கொக்கியின் கயிறும் சுடும் கோட்டுக்குப் பின்னால் வர வேண்டும். இலக்குப் பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது.

எவ்வளவு முன்னால் சுடுவது என்பதையும் சொல்லி விடுகிறேன். குண்டு 10 மீற்றரைக் கடக்க 0.06 செக்கன் அளவு எடுக்கும். அந்த நேரத்தில் மெது ஓட்டத்தில் அட்டை 2.4 சென்ரிமீற்றரும் வேக ஓட்டத்தில் 4.8 சென்ரிமீற்றரும் நகரும். உங்கள் ரைபிளுக்குச் சரியான அளவை இப்படி எடுங்கள்: நடுப் புள்ளியையே குறிவைத்து வலப்பக்க ஓட்டத்தில் ஐந்து, இடப்பக்க ஓட்டத்தில் வேறு அட்டையில் ஐந்து. இரண்டு குழுக்களின் நடுவுக்கும் இடையிலுள்ள தூரத்தில் பாதிதான் உங்கள் முன்தூரம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குண்டு இதைவிட நிறையப் பின்னால் விழும். காரணம் கணக்கில் இல்லை. விசையை அழுத்தும் கணத்தில் துப்பாக்கியை நிறுத்திவிடுகிறார்கள். 0.1 செக்கன் முந்தி நிறுத்தினாலே வேக ஓட்டத்தில் 8 சென்ரிமீற்றர் போய்விடும். முன்தூரத்தைக் கூட்டி இதைச் சரிக்கட்டாதீர்கள். குண்டில்லாமல் பின்தொடர விடுங்கள், அட்டை மறையும் வரை துப்பாக்கி திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். தொடக்கத்தில் இருந்தே துப்பாக்கியின் பின்கட்டை இடுப்பில் வைத்து, அட்டை தெரிந்த பிறகு தோளுக்கு ஏற்றும் முறையில் பழக்குங்கள். போட்டியில் அப்படித்தான்.

உப்புவெளி_கழகம்:

அருமை சேர். ஊசலை இந்தக் கிழமையே கட்டுறம். கடைசியாக ஒன்று: இரும்புத் தகட்டில குண்டு படுகிற சத்தம் வெளியில எவ்வளவு கேட்கும்? பக்கத்தில வீடுகள் இருக்கு.

பழைய_குறி:

கேட்கும். வெறும் தகடு மணி மாதிரி அடிக்கும். தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில 5 மில்லிமீற்றர் றப்பர்ப் பட்டி வைத்துப் போல்ற் போடுங்கோ. தகட்டின் பின்பக்கம் பழைய கம்பளத்தை இறுக்கி ஒட்டுங்கோ. முன்னால ஒரு சாண் தள்ளித் தளர்வாக ஒரு கம்பளத் திரை தொங்க விட்டால் ஈயச் சிதறலும் அதிலேயே நிற்கும். திரை கிழியக் கிழிய மாற்ற வேணும், பிள்ளைகள் அதிகம் சுடுகிற நடுப் பகுதிதான் முதல்ல போகும்.

ஆனால் சத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. எங்கட ஊரில வெடிச்சத்தத்தோட வாழ்ந்த சனம் இருக்கு. மோட்டர் பூட்ட முதல் சுற்றியிருக்கிற வீடுகளுக்கு நேரில போய், என்ன நடக்குது, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கோ. விரும்பினால் உள்ளே கூட்டி வந்து காட்டுங்கோ. கிராம சேவகருக்கும் பொலிஸுக்கும் பயிற்சி நேரம், பொறுப்பானவரின் பெயர், துப்பாக்கிகளின் விபரம் எழுதிக் கடிதம் கொடுத்து, கிடைச்சதுக்குக் கையெழுத்து வாங்கின பிரதியை மண்டபத்திலேயே வையுங்கோ. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வேண்டாம். கதவடியில ‘எயார் ரைபிள் பயிற்சி நடக்கிறது’ என்று தமிழிலயும் சிங்களத்திலயும் எழுதின பலகையைப் பயிற்சி நேரம் மட்டும் மாட்டுங்கோ, முடிஞ்சதும் கழற்ற வேணும். எப்பவும் தொங்கினால் ஒருத்தரும் அதை வாசிக்க மாட்டினம்.